துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து நிற்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது நாற்பத்தாறாவது வயதில். வடக்கே ஒரு நகரம், டிசம்பர் கடைசி, ஹோட்டல் குளியலறை. தலைக்குத் தேய்க்கக் கொண்டுபோயிருந்த பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. தட்டினேன், உதறினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகுதிரி மாதிரி இருந்தது.

திருவனந்தபுரத்துக்காரிக்கு இது புதிது. எங்கள் ஊரில் மார்கழி விடிகாலையில் எண்ணெய் கொஞ்சம் கலங்கும், வெயில் ஏறினால் தெளிந்துவிடும். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பாட்டிலை வைத்துவிட்டு அறைக்குள் போய், கட்டிலுக்கடியில் இருந்த நீளப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். உள்ளே என் புது ரைஃபிள். முந்தின நாள் போட்டியில் என் மானத்தை வாங்கிய அதே ரைஃபிள். விசையைச் சுற்றியிருந்த இடுக்கில் சேலைக்குக் குத்தும் ஊசியை விட்டு நெம்பினேன். முனையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தேன்.

பாட்டிலில் இருந்ததும் துப்பாக்கியில் இருந்ததும் ஒன்றுதான். அதை அங்கே போட்டவள் நான்தான்.

யார் மேல் கோபம்?

ஆபீஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதிய போன வாரப் பகுதியில் போகிற போக்கில் துப்பாக்கி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. மதுரையிலிருந்து ஒரு வாசகி, துப்பாக்கி எடுக்கும் அளவுக்கு உங்களுக்கு யார் மேல் கோபம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். பட்டியல் போட்டால் இந்த இதழ் முழுக்க எனக்கே வேண்டியிருக்கும். ஆனால் துப்பாக்கி எடுத்தது அதற்காக அல்ல.

கோடை விடுமுறையில் மகளைப் பயிற்சிக்குச் சேர்க்க, ஊருக்குக் கிழக்கே ஒரு ரைஃபிள் கிளப்புக்குப் போனேன். இரண்டு வாரத்தில் தோள் வலிக்கிறது என்று அவள் நின்றுவிட்டாள். கட்டிய கட்டணம் வீணாகக் கூடாதே என்று மிச்ச நாட்களுக்கு நான் போனேன். பிறகு நிற்கவே இல்லை.

பயப்பட வேண்டாம், இது தோட்டா போடுகிற துப்பாக்கி அல்ல. அடைத்த காற்றின் அழுத்தத்தில் மிளகு அளவு ஈயக் குண்டைத் தள்ளும் ஏர் ரைஃபிள். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அட்டையில் கறுப்பு வட்டம், வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக் குண்டு தொட வேண்டும்.

கேட்க எளிது. முதல் மாதம் எனக்குச் சுடவே தரவில்லை, நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும். ஐந்து கிலோ பாரத்தைச் சதை சுமக்கக் கூடாது, எலும்பு சுமக்க வேண்டும். பலகை போல விறைத்த ஒரு கோட்டு, சுட்டு முடித்த பிறகும் லேசில் கழற்ற வராத பூட்ஸ், அதற்குள் நம்ம ஊர்ப் புழுக்கம். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை இழுக்கிறோம் என்று நமக்கே தெரியாதபடி இழுக்க வேண்டும். வீட்டில் குண்டு போடாமல் அலமாரிக் கதவில் ஒட்டிய புள்ளியைக் குறிவைத்துத் தினம் அரைமணி நேரம் நிற்பேன். என் வீட்டுக்காரர் டிவி மறைக்காத எதற்கும் சம்மதிப்பவர் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் பிடித்தது என்று கேட்டால், அறுபது குண்டு சுடத் தருகிற அந்த எழுபத்தைந்து நிமிஷம் ஒரு புள்ளியைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆபீஸ் ஃபைல் இல்லை, வீடு இல்லை, அண்ணன் இல்லை. அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னால் எங்கேயும் கண்டதில்லை.

இரும்புக் கடைக்காரர் மகள்

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து போட்டது. ஆணி, கீல், சங்கிலி, மண்வெட்டி, கம்பி, போல்ட் என்று தரையிலிருந்து கூரை வரை இரும்பு. கடையில் பெண்களுக்கு வேலை கிடையாது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் தவிர.

அந்த நாள் விஜயதசமி. துர்காஷ்டமி சாயங்காலம் தராசு, வெட்டுக்கத்தி, குறடு, சுத்தியல் எல்லாவற்றையும் கடை நடுவில் அடுக்கிச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜைக்கு வைப்பார்கள். அதன் பிறகு யாரும் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும் வீட்டுப் பெண்கள் போய், காய்ந்த சந்தனத்தைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் எண்ணெய் பூசித் திரும்ப வைக்க வேண்டும். அடுத்த வருஷம் வரை துரு அண்டாது என்பது கணக்கு.

எட்டு வயதிலிருந்து நான் அதைச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே வார்ப்பிரும்பு எது, எஃகு எது என்று சொல்வேன். பி.காம். முடித்ததும், கடைக்கு வருகிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா சிரித்தார். கடை அண்ணனுக்குப் போயிற்று, எனக்கு நகை போட்டார்கள், பிறகு அரசாங்க வேலை கிடைத்தது, இருபத்திரண்டு வருஷமாக ஃபைல் தள்ளுகிறேன். இது எனக்கு ஆறவில்லை. ஆறிவிட்டதாக எழுதினால் பொய்.

எனக்கென்று ஒரு ரைஃபிள் வாங்கியபோது அண்ணன் கேட்டான். "ஏட்டி, ரெண்டு ஸ்கூட்டர் வாங்கற ரூவாய்க்கு ஒத்தக் கொழலு. ஒனக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும்?"

நாலு பேர் நிற்கும்போது கேட்டான்.

டைட்டஸ் சொன்னது

கிளப்பில் ரைஃபிள்களைப் பழுதுபார்ப்பவர் டைட்டஸ். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கம் ஊர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டு, மாதச் சம்பளத்துக்கு இங்கே சேர்ந்திருந்தார். கோச் முதல் காவலாளி வரை எல்லாரும் மலையாளம் பேசுகிற இடத்தில் அவர் ஒருத்தர்தான் என்னிடம் தமிழில் பேசுவார். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம்தான். வீட்டில் தமிழ் வேதாகமம் வாசித்து வாசித்துத் தமிழ் எழுத்து கற்றதாகச் சொல்வார். மத்தியானச் சோற்றுப் பொட்டலம் மடித்துவந்த தமிழ்ப் பேப்பரைப் பிரித்துவைத்து வாசித்துக்கொண்டே சாப்பிடுவார்.

புது ரைஃபிள் வந்த அன்று அவர்தான் பெட்டியைப் பிரித்தார். ஒவ்வொரு பாகமாகக் காட்டினார். சுட்டு முடித்ததும் குழலுக்குள் பஞ்சுக் குண்டு விட்டுத் துடைக்க வேண்டும். காற்றுச் சிலிண்டரைத் திருகும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ், அதுவும் கடுகளவு. நம் வியர்வை உப்பு, விரல் பட்ட இடம் மறுநாளே பழுப்பேறும், அதனால் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பெட்டியில் வைக்க வேண்டும். கடைசியாக விசையைக் காட்டினார்.

"அக்கா, இங்க மட்டும் எண்ணெ ஆகாது. ஒரு துளிகூட ஆகாது. இரும்புக் கடைக்காரங்க வேற, சும்மா இருக்கமாட்டிய. அதனால சொல்லுதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் பட்டது. இல்லை என்று இப்போது தெரிகிறது.

சந்தனப் பொட்டு

அந்த வருஷம் பூஜைக்கு அண்ணனே கூப்பிட்டான். துப்பாக்கியும் ஆயுதம்தானே, கொண்டுவந்து வை என்றான். கேலிதான். ஆனால் கடையில் என்னுடைய பொருள் ஒன்று பூஜையில் இருப்பது அதுதான் முதல் தடவை. கொண்டுபோய்த் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் தன் கையாலேயே சந்தனம் வைத்தான். ஒன்று குழலில், ஒன்று கட்டையில், ஒன்று தடிப்பாக விசையின் மேல்.

விஜயதசமி காலை போனபோது விசை இடுக்கில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. உலர்ந்த துணிக்கு அது மசியவில்லை. டைட்டஸ் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. நன்றாகவே இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கையால் எண்ணெய் பூசி எந்தச் சாமான் கெட்டது என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். துணியில் தொட்டு வைத்தேன். பிறகு கிண்ணத்திலிருந்தே இரண்டு சொட்டு விட்டேன். சந்தனம் கரைந்து வந்தது, துணியால் ஒற்றி எடுத்தேன், பளபளத்தது. கல்லாவிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

துப்பாக்கி கெடவில்லை. அதுதான் வேடிக்கை. விசை முன்னைவிட இழைந்து வந்தது. அடுத்த மாதம் மாநிலப் போட்டியில் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தேன். பிரிவில் மொத்தம் நாலு பேர் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அன்று அடித்தது என் வாழ்க்கையின் சிறந்த ஸ்கோர். முதல் மூவரைக் கொண்டு தேசியப் போட்டிக்கு அணி அமைத்தார்கள். எண்ணெயால்தான் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை யாரிடமும் சொல்லவில்லை.

வடக்கே கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது விசை லேசாகக் கனப்பது போல் இருந்தது. டைட்டஸிடம் கொடுத்தேன். வெளியிலிருந்தே சாவி விட்டுத் திருகலாம், கால் சுற்று போதும் என்றார். திருகுமுன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அக்கா, எண்ணெ ஏதும் போட்டியளா?"

"இல்லையே."

அவர் நம்பினார். போட்டிருந்தால் கழற்றிப் பார்ப்பார். போடவில்லை என்றதால் திருகிவிட்டுக் கொடுத்தார்.

அறுபது குண்டு

போட்டி நடந்த மண்டபத்தில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. முதல் குண்டுக்கு விசையை இழுத்தேன், வரவில்லை. இன்னும் இழுத்தேன், வரவில்லை. மூச்சு தீர்ந்து, கை ஆடி, சரி இறக்கலாம் என்று நினைத்த நொடியில் வெடித்தது. அட்டையில் எங்கேயோ ஓரத்தில் ஓட்டை. அடுத்ததும் அப்படியே. சில தடவை விசை திரும்பி வராமல் பாதியில் நின்றது, விரலால் முன்னே தள்ளினேன்.

கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டால் பழுதுபார்க்க நேரம் தருவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. புதியவள். குளிர் என்று நினைத்தேன், பயம் என்று நினைத்தேன். அறுபது குண்டும் அப்படியே அடித்து முடித்தேன். வழக்கமாக அடிப்பதைவிட நாற்பது புள்ளி குறைவு. மூன்றாம் இடம் பிடித்த அணிக்கும் எங்களுக்கும் எட்டுப் புள்ளிதான் வித்தியாசம். என்னோடு வந்த இரண்டு பெண்களும் திட்டவில்லை. இரவுச் சாப்பாட்டை வேறு மேஜையில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன பாட்டில்.

ஊசி முனையில் வெள்ளை எண்ணெயை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது செல்போன் அடித்தது. ஊரிலிருந்து கோச். அந்தப் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான், என்னைச் சேச்சி என்று கூப்பிடுவாள். கிளப் கமிட்டியில் கேட்கிறார்கள், துப்பாக்கியைக் கடைசியாக யாராவது தொட்டார்களா என்று விசாரித்தாள்.

"டைட்டஸ்தான் திருகினார்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உண்மையை வைத்தே ஒரு ஆளை முடிக்கலாம் என்று எனக்கு அன்று தெரிந்தது. ஊசியைத் துடைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினேன்.

அண்ணன் சொன்ன நல்ல வார்த்தை

திரும்பி வந்த வாரம் கமிட்டி கூடியது. கிளப்புக்கு வேலிக்கம்பியும் அட்டை மாட்டும் சட்டமும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். அந்த உரிமையில் அண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தான். மேஜையின் மேல் டைட்டஸ் என் ரைஃபிளின் விசையைக் கழற்றினார். ஊர் வெயிலில் எண்ணெய் மறுபடி உருகித் தண்ணீராகியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார்.

தேங்காய் எண்ணெய் என்று மலையாளத்தில் சொன்னார். தான் கேட்டதாகவும், மேடம் போடவில்லை என்றதால் திறக்கவில்லை என்றும், திறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எல்லாரும் பார்த்தார்கள். என் தலையில் தேய்க்கும் எண்ணெய் கன்னம் வழியாகப் பட்டிருக்கும் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது நிற்காத பொய் என்று எனக்கே தெரிந்தது. கன்னம் படுகிற இடம் எங்கே, விசை எங்கே? இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குள் அண்ணன் பேசிவிட்டான். நல்ல மலையாளத்தில், நிதானமாக. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இரும்பில் இருக்கிறது, என்னைவிட என் தங்கைக்குத்தான் இரும்பு தெரியும், தொட்டாலே சொல்லிவிடுவாள், எதற்கு எண்ணெய் போடலாம் எதற்குப் போடக் கூடாது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்றான்.

எட்டு வயதிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதை அவன் சொன்னது, நான் எண்ணெய் விட்டதைக் கண்ணால் பார்த்திருந்தும். கடையின் பெயருக்காகச் சொன்னான். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தும் அந்த நிமிஷம் நெஞ்சு நிறைந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கமிட்டிக்கு அது போதுமாயிருந்தது. டைட்டஸிடம் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவர் விசையைத் துடைத்து, மாட்டி, சரியாக வருகிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்.

அதே கேள்வி

இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் ரைஃபிளில் காற்று கசிய ஆரம்பித்தது. கிளப்பில் புதிதாக வந்தவருக்குப் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். காற்று கசிந்ததால் போனேன்.

பாறசாலையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னப் பட்டறை. மிக்சி, தையல் மெஷின் ரிப்பேர். டைட்டஸ் மெலிந்திருந்தார். வாங்க அக்கா என்றார், ஸ்டூல் போட்டார், அடுத்த கடையில் சாயா சொன்னார். பெட்டியைத் திறந்து, சிலிண்டரில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"எண்ணெ ஏதும் போட்டியளா?"

"இப்போ போடல்ல. அப்போ போட்டேன்."

சொல்லிவிட்டேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

"எனக்குத் தெரியும்லா" என்றார். "அங்க சொன்னியளா?"

"இல்லை."

அவர் ரைஃபிளைப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை இடம் பார்த்து வைத்தார். இரண்டு கொக்கியையும் மாட்டி, பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"அங்க சொல்லிட்டு வாங்க அக்கா. பெறவு பாக்கலாம்."

சாயா வந்தது. குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இருபத்திரண்டு வருஷமாக ஆபீசில் தினம் பத்துக் கடிதமாவது மலையாளத்தில் எழுதுகிறவள் நான். கமிட்டிக்கு எழுத வேண்டிய இந்த ஒன்றை மட்டும் தமிழில், உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கிளப்பில் என்னைத் தவிரத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் வெளியே அனுப்பிவிட்டோம்.